ட்ரையே போடாத அணி கடைசி நிமிடத்தில் சமநிலையில் நின்றது எப்படி? 2022 பிரீமியர்ஷிப் ரக்பி இறுதிப் போட்டி

கேள்வி இதுதான்: 2022 ஜூன் 18 அன்று லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்து பிரீமியர்ஷிப் ரக்பி லீக்கின் இறுதிப் போட்டி நடந்தது. லெஸ்டர் டைகர்ஸ் இரண்டு ட்ரை (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவது) போட்டது, சாரசன்ஸ் ஒன்றுகூடப் போடவில்லை. அப்படியும் கடைசி நிமிடத்தில் 12-12 என்று நின்றது ஏன்? லெஸ்டரின் ஃப்ரெடி பர்ன்ஸ் அடித்து வெற்றி தந்த அந்தக் கடைசி டிராப் கோலை இன்னும் கொண்டாடுகிறார்களே, அதில் அப்படி என்ன சிரமம்? சீசன் முழுக்க முதலிடத்தில் இருந்தது லெஸ்டர்தானே, இறுதிப் போட்டி என்று ஒன்றை வைக்காமல் நேரடியாகக் கோப்பையைக் கொடுத்திருக்கக் கூடாதா?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ரக்பி யூனியனில், அதாவது 15 பேர் ஆடும் ரக்பியில், பந்து யார் கையில் இருக்கிறது என்பதைவிட மைதானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிது. லீக் ஆட்டங்களில் இதைக் கொஞ்சம் மறந்தாலும் தப்பித்துவிடலாம், இறுதிப் போட்டியில் முடியாது.

முதலில் கணக்கு. ட்ரைக்கு 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2. எதிரணி விதி மீறும்போது கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3, டிராப் கோலுக்கும் 3. சாரசன்ஸின் 12 புள்ளியும் ஓவன் ஃபாரல் அடித்த நான்கு பெனால்டிகளில் வந்தவை. லெஸ்டருக்கு ஹான்ரோ லீபன்பர்க், யாஸ்பர் வீஸ இருவரும் ஆளுக்கொரு ட்ரை போட்டார்கள். ஆனால் இரண்டு கன்வெர்ஷனில் ஒன்றுதான் உள்ளே போனது. 7+5, அதுவும் 12. தவறிய அந்த 2 புள்ளி கிடைத்திருந்தால் கடைசி நிமிடத்தில் ஸ்கோர் 14-12 என்று இருந்திருக்கும், டிராப் கோலுக்கே அவசியம் வந்திருக்காது. புதிதாகப் பார்ப்பவர்கள் ட்ரை விழுந்ததும் கொண்டாடிவிட்டுக் கன்வெர்ஷனைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பந்து தரையில் வைக்கப்பட்ட இடத்துக்கு நேராகப் பின்னால் வந்துதான் கன்வெர்ஷனை உதைக்க வேண்டும். மூலையில் ட்ரை போட்டால் பக்கவாட்டுக் கோட்டோரத்திலிருந்து உதைக்க வேண்டியிருக்கும், கம்பங்களின் இடைவெளி அங்கிருந்து ஒரு கீற்றாகத்தான் தெரியும். கோட்டைத் தாண்டிய பிறகும் ஆட்டக்காரர்கள் உள்பக்கம் வளைந்து ஓடப் பார்ப்பது அதற்காகத்தான்.

சரி, ட்ரை போட முடியாத அணிக்கு நான்கு பெனால்டி எப்படிக் கிடைக்கிறது? ரக்கை, அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் முட்டி மோதும் இடத்தை, கூர்ந்து பார்த்தால் புரிந்துவிடும். பந்தோடு ஓடுபவரை எதிரணி வீழ்த்துகிறது. விழுந்தவர் உடனே பந்தை விட்டாக வேண்டும், அது விதி. அதே நொடியில் எதிரணியில் ஒருவர் கால் ஊன்றி நின்றபடியே குனிந்து பந்தில் கை வைக்கிறார். விழுந்தவருடைய கூட்டாளிகள் ஓடிவந்து அவரைத் தள்ளிவிட ஒரு வினாடி, ஒன்றரை வினாடி பிடிக்கும். அதற்குள் அவர் பிடியை இறுக்கிவிட்டால் விழுந்தவர் பந்தை விடாமல் வைத்திருப்பதாக நடுவர் விசில் ஊதுவார். பந்து வைத்திருந்த அணிக்கு எதிராகவே பெனால்டி. தன் பாதியில் வைத்துத் தாக்கும் அணி ஒவ்வொரு ரக்கிலும் இந்த ஆபத்தைச் சுமந்துகொண்டே போகிறது. 40 மீட்டருக்குள் பெனால்டி கொடுத்தால் ஃபாரல் மாதிரி ஓர் உதைகாரர் 3 புள்ளியை எடுத்துக்கொள்வார்.

தற்காக்கும் அணிக்கும் இதே நிலைதான். வீழ்த்தியவர் உருண்டு விலகாமல் பந்தின் மேலேயே கிடந்தாலும், ரக்கின் கடைசிக் காலுக்கு முன்னால் யாராவது ஆஃப்சைடாக நின்றாலும் பெனால்டி. ஸ்க்ரம்மில், அதாவது இரு அணிகளின் எட்டு எட்டு முன்கள வீரர்கள் தோள் பூட்டித் தள்ளும் மோதலில், முன்வரிசை சரிந்தால் யார் சரித்தது என்று நடுவர் முடிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் பின்வாங்கிக்கொண்டிருந்த அணி மீதுதான் பழி விழும்.

அதனால்தான் இறுதிப் போட்டிகளில் அணிகள் பந்தை இவ்வளவு உதைக்கின்றன. 'கையில் இருக்கும் பந்தை எதற்குத் தூக்கி எதிரிக்குக் கொடுக்கிறார்கள்?' என்று பலரும் கேட்பார்கள். பந்தைக் கொடுத்து இடத்தை வாங்குகிறார்கள். ரக்கிலிருந்து பந்தை எடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் அதன் பின்னாலிருந்து உயரமாக உதைப்பார், ஓரத்தில் ஆடும் விங்கர் பந்தின் கீழ் ஓடிப் போய்க் குதிப்பார். பிடித்தால் லாபம். பிடிக்காவிட்டாலும் எதிரணி தன் பாதியில் ரக் ஆட வேண்டிய நெருக்கடிக்குள் வந்துவிடும். ஸ்டீவ் போர்த்விக் பயிற்சியில் லெஸ்டர் அந்தச் சீசன் முழுக்க ஆடியதே இந்தப் பாணிதான். அழகில்லை என்று விமர்சித்தவர்கள் நிறைய. ஆனால் 2019-20 சீசனில் 12 அணிகளில் 11-ஆவதாக முடித்த கிளப்பை இரண்டே ஆண்டில் கோப்பை வரை கொண்டுவந்தது அந்த ஒழுங்குதான், அதை மதிக்காமல் இருக்க முடியாது. அந்த 11-ஆம் இடமும் சாரசன்ஸின் புள்ளிகள் பறிக்கப்பட்டதால் கிடைத்தது. வீரர்களுக்கான சம்பள உச்சவரம்பை மீறியதற்காக சாரசன்ஸுக்கு 2019 நவம்பரில் 35 புள்ளிக் குறைப்பும் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் விதித்தார்கள். பிறகு குறைப்பு 105 புள்ளியாகி, அடுத்த மட்ட லீக்குக்கு இறக்கப்பட்டார்கள். ஆக, 2022 ஜூனில் எதிரெதிரே நின்றவை 2020-இல் பட்டியலின் கடைசி இரண்டு இடங்களில் இருந்த கிளப்கள். லெஸ்டருக்கும் பழைய சீசன்களின் சம்பள வரம்பு மீறலுக்காக 2022-இல் 3 லட்சம் பவுண்டைத் தாண்டிய அபராதம் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்படி ட்ரை இல்லாமலே ஓர் அணி நெருங்கி வருவது இறுதிப் போட்டிகளில் புதிதல்ல. 2009-இல் லண்டன் ஐரிஷ் 9 புள்ளி எடுத்தது. ரக்பி கணக்கில் 9 என்றாலே மூன்று உதைகள்தான், வேறு வழியில் அந்த எண் வராது. லெஸ்டர் 10 எடுத்து ஒரே புள்ளியில் தப்பித்தது.

மஞ்சள் அட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2022-இன் இரண்டு ட்ரைகளுக்கும் அதுதான் கதவைத் திறந்தது. சாரசன்ஸின் ஸ்க்ரம்-ஹாஃப் அலெட் டேவிஸ், தலையில் மோதிய டேக்கிளுக்காக 10 நிமிடம் வெளியே போனார். 15 பேருக்கு 14 பேர் என்றால் ஓர் ஆள்தானே என்று தோன்றும். ஆனால் மைதானம் 70 மீட்டர் வரை அகலம். பின்களத்தில் உயர உதைகளைப் பிடிக்க வழக்கமாக இருவராவது நிற்க வேண்டும், முன்களத்தில் 8 பேர் ஸ்க்ரம்முக்குத் தேவை. போனவர் ஸ்க்ரம்-ஹாஃப் என்றால் ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் வேலையையே வேறொருவர் செய்ய வேண்டும். லெஸ்டர் அந்த நேரத்தை முன்கள வீரர்களைக் கொண்டு நெருக்கிப் பயன்படுத்திக்கொண்டது. இடைவேளையில் 12-6. பிறகு லெஸ்டருக்கும் மஞ்சள் அட்டை விழுந்தது, மாற்று ஆட்டக்காரர் மேட் ஸ்காட்டுக்கு. ஃபாரலின் இன்னும் இரண்டு பெனால்டிகளில் ஸ்கோர் சமமானது.

அட்டையின் விலை என்ன என்று முழுசாகப் பார்க்க 2024 இறுதிப் போட்டி போதும். பாத் அணியின் பெனோ ஒபானோ முதல் 25 நிமிடத்துக்குள் சிவப்பு அட்டை வாங்கினார். அன்றைய விதிப்படி மீதி ஆட்டம் முழுக்க 14 பேர். அவர்கள் மனம் தளராமல் 21-18 என்று முன்னிலைகூட எடுத்தார்கள். கடைசிக் கட்டத்தில் கால்கள் களைத்தபோது அலெக்ஸ் மிட்செல் ட்ரை போட, நார்த்தாம்ப்டன் 25-21 என்று வென்றது.

இப்போது டிராப் கோல். பந்தைக் கையிலிருந்து தரையில் போட்டு, அது தரையைத் தொட்டு எழும் கணத்திலேயே உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைக்கு மேலே அனுப்ப வேண்டும். கம்பங்களின் இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குக் கட்டை தரையிலிருந்து 3 மீட்டர் உயரம். பெனால்டிக்கு உதைகாரர் பந்தைத் தாங்கியில் நிறுத்தி, மூச்சை அடக்கி, அடி எண்ணிப் பின்வாங்கி உதைக்கலாம், யாரும் குறுக்கே வர முடியாது. டிராப் கோலுக்கு அந்த நிதானம் கிடைக்காது. பந்து முட்டை வடிவம், சற்றே சாய்ந்து விழுந்தாலும் எழும் திசை மாறிவிடும்.

அதைத் தயார் செய்யும் விதம் ஏறக்குறைய எல்லா அணிகளுக்கும் ஒன்றுதான். முதலில் எதிரணியின் 22 மீட்டர் கோட்டுப் பக்கம் போய்ச் சேர வேண்டும். பிறகு முன்கள வீரர்கள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒன்றிரண்டு மீட்டர் முட்டி முட்டி விழுவார்கள். அது முன்னேறுவதற்காக அல்ல, ரக்கைக் கம்பங்களுக்கு நேராகக் கொண்டுவருவதற்காக. ஓரத்திலிருந்து கோணம் குறுகல், நடுவிலிருந்து அகலம். உதைகாரர் ரக்குக்கு ஏறக்குறைய 10 மீட்டர் பின்னால் நிற்பார். இன்னும் கிட்டே நின்றால் பாய்ந்து வருபவர் உதையைத் தடுத்துவிடுவார், தள்ளி நின்றால் தூரம் கூடிவிடும். நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் பக்கமாக நிற்பதும் உண்டு, பாய்ந்து வருபவர் ரக்கைச் சுற்றி வரும் தூரம் அதிகமாகட்டும் என்று. எல்லாம் அமைந்ததும் ஸ்க்ரம்-ஹாஃப் பந்தை அவர் இடுப்புயரத்துக்குத் தட்டையாக எறிய வேண்டும்.

இதில் கெடுவது பெரும்பாலும் அந்தப் பாஸ்தான். பந்து முழங்காலுக்குக் கீழே வந்தால் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் ஆள் மேலே விழுந்துவிடுவார். தலைக்கு மேலே வந்தால் கைகளைக் கீழே இறக்கிப் பந்தை நேராக்க நேரமில்லை. அடுத்த தவறு, உதைக்கும் முன்பே தலையை நிமிர்த்திக் கம்பத்தைப் பார்ப்பது. தோள் திரும்பிவிடும், பந்து சீவிக்கொண்டு வெளியே போகும். தவறினால் விலையும் உண்டு. வெளியே போன பந்துக்கு எதிரணி தன் 22 மீட்டர் கோட்டிலிருந்து உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும். பாடுபட்டுப் பிடித்த இடம் ஒரே உதையில் கைவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் பர்ன்ஸ் அன்று முதல் 15-இல் இல்லை. முதல் பாதியிலேயே ஜார்ஜ் ஃபோர்டுக்குக் கணுக்காலில் அடிபட்டதால் உள்ளே வந்தவர். அணி ஆட்டத்தை நடத்துவதே ஃப்ளை-ஹாஃப் இடத்தில் ஆடிய ஃபோர்டு வழியாகத்தான், லெஸ்டருக்கு அது அவருடைய கடைசி ஆட்டமும்கூட. இங்கே மாற்று ஆட்டக்காரர்கள் பற்றி ஒரு வார்த்தை. பெஞ்சில் 8 பேர், அதில் மூவர் முன்வரிசைக்கென்றே பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். மீதி ஐந்தில் எத்தனை முன்களம், எத்தனை பின்களம் என்பது பயிற்சியாளரின் முடிவு. ஆறு முன்கள வீரர்களும் இரண்டு பின்கள வீரர்களும் வைக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. 50-ஆவது நிமிடத்துக்குப் பின் புதிய கால்களோடு ஸ்க்ரம்மை நசுக்க அது உதவும். ஆனால் ஃப்ளை-ஹாஃப் 20 நிமிடத்தில் விழுந்தால் அந்த இடத்துக்கு யார்? ஒரு நல்ல மாற்று ஃப்ளை-ஹாஃப் இல்லாமல் இறுதிப் போட்டிக்குப் போவது என் கணிப்பில் பெரிய பிழை, 2022 அதற்குச் சாட்சி.

பர்ன்ஸ் உதைத்தது உள்ளே போனது. 15-12. ஆனால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடாது. 15 பேர் ரக்பியில் புள்ளியை விட்டுக்கொடுத்த அணி, அதாவது இங்கே சாரசன்ஸ், நடுக்கோட்டிலிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும். ஏழு பேர் ரக்பியில் இது தலைகீழ், புள்ளி எடுத்த அணியே உதைக்கும். 2025-இல் சென்னை புல்ஸ் கோப்பை வென்ற இந்திய லீக் ஏழு பேர் ஆட்டம் என்பதால், அதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் குழம்பலாம். சாரசன்ஸ் உதைக்கும் பந்து 10 மீட்டர் கோட்டைத் தொட வேண்டும். அவர்கள் உயரமாக, அந்தக் கோட்டை ஒட்டி விழும்படி உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்ப்பார்கள். பிடிப்பவரை லெஸ்டரின் இருவர் தூக்கிப் பிடிப்பார்கள். பிடித்தபின் 80 நிமிடம் ஆகும்வரை பந்தை நழுவவிடாமல் வைத்திருந்து, கடிகாரம் சிவந்ததும் வெளியே உதைத்தால் ஆட்டம் முடிந்தது. அந்தச் சில வினாடிகளில் ஒரு ரக்கில் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டால்? பெனால்டி, ஃபாரல், 15-15. 80 நிமிடம் தாண்டியபின் பெனால்டி விழுந்தாலும் அதை உதைக்க அனுமதி உண்டு, வெளியே உதைத்து லைன்அவுட்கூட (இரு அணி வரிசைகளுக்கு நடுவே பந்தை வெளியிலிருந்து எறிவது) ஆடலாம். பந்து செத்த பிறகுதான் ஆட்டம் முடியும், கடிகாரம் அதை முடிப்பதில்லை.

சமநிலையிலேயே 80 நிமிடம் முடிந்தால் 10 நிமிட வீதம் இரண்டு கூடுதல் பாதிகள். அதை அதன் உச்சத்தில் பார்க்க 2014 இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். சாரசன்ஸுக்கும் நார்த்தாம்ப்டனுக்கும் 80 நிமிடத்தில் 17-17. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் சாரசன்ஸ் 20-17 என்று முன்னிலையில். நார்த்தாம்ப்டன் முன்கள வீரர்கள் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் முட்டி மோதி, அலெக்ஸ் வாலர் ஆட்களின் குவியலுக்குள் பந்தை அழுத்தினார். பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று வீடியோ நடுவரிடம் போனது. ட்ரை உறுதியானது, கன்வெர்ஷனும் சேர்ந்து 24-20.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 1987-இல் தொடங்கிய இந்த லீக்கில் நீண்ட காலம் பட்டியலில் முதலில் வந்தவரே சாம்பியன். பட்டியலுக்கு இப்போதைய கணக்கு, வெற்றிக்கு 4 புள்ளி, சமநிலைக்கு 2. நான்கு ட்ரை போட்டால் கூடுதலாக 1, ஏழோ அதற்குக் குறைவாகவோ வித்தியாசத்தில் தோற்றாலும் 1. 2002-03 சீசனில்தான் கோப்பையைத் தீர்மானிக்க இறுதிப் போட்டி வந்தது. முதல் மூன்று ஆண்டுகள் முதலிடக்காரர் நேராக இறுதிக்குப் போனார், இரண்டாவதும் மூன்றாவதும் அரையிறுதி ஆடின. முதலிடத்துக்கு இதைவிடப் பெரிய சலுகை எது என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. 2003-இல் குளோஸ்டர் 82 புள்ளி, வாஸ்ப்ஸ் 67. குளோஸ்டர் மூன்று வாரம் ஆட்டமே இல்லாமல் காத்திருந்தது. வாஸ்ப்ஸ் அரையிறுதி ஆடிச் சூடாக வந்தது. இறுதியில் 39-3. 2004-இல் முதலிடம் பாத், 2005-இல் லெஸ்டர். இருவருமே காத்திருந்து வந்து அதே வாஸ்ப்ஸிடம் தோற்றார்கள்.

பயிற்சியில் எவ்வளவு முட்டினாலும் ஆட்டத்தின் வேகத்தில் ரக்குக்கு வந்துசேரும் நேரம் கூர்மையாவது ஆட்டத்தில்தான். மேலே சொன்ன ஒன்றரை வினாடி இரண்டாகிவிட்டால் பெனால்டிகள் வரிசையாக விழும். 2005-06 முதல் நால்வர் அரையிறுதி, முதல் இரண்டு இடங்களுக்குச் சொந்த மைதானம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டே முதலிடம் பிடித்த சேல், லெஸ்டரை 45-20 என்று வென்று கோப்பையை எடுத்தது. 2022-இல் லெஸ்டரும் தன் வெல்ஃபோர்டு ரோடு மைதானத்தில் நார்த்தாம்ப்டனை 27-14 என்று வென்றுதான் ட்விக்கனம் வந்தது. முதலிடத்துக்கு ஓய்வைவிடச் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் கிடைப்பதே நியாயமான பரிசு. அந்த வகையில் இறுதிப் போட்டி இருப்பதை நான் ஆதரிக்கிறேன். சர்வதேச ஆட்டங்கள் நடக்கும்போதே லீக்கும் நடந்த அந்தச் சீசன்களில், நாட்டு அணிக்கு நிறைய ஆட்களை அனுப்பிய கிளப் பல வாரம் பாதி அணியோடு ஆடியது. பட்டியல் மட்டும் பலத்தைச் சொல்லிவிடாது.

ஆனால் ஒரு குறை இப்போது உண்டு. 2021-22-இல் 13 அணிகளில் நான்கு அரையிறுதிக்குப் போயின. அடுத்த சீசனிலேயே பணநெருக்கடியில் வூஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023-இல் லண்டன் ஐரிஷும் லீக்கை விட்டு வெளியேறின. இருப்பது 10 அணிகள், அரையிறுதிக்கு இன்னமும் நான்கு. பத்தில் நான்காவது வரும் அணி சீசனில் பாதி ஆட்டங்களை இழந்துவிட்டுக்கூட வந்து சேரலாம். பத்து அணிகள் உள்ளவரை இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு அரையிறுதி, முதலிடக்காரர் நேரே இறுதிக்கு என்ற பழைய முறைக்குத் திரும்புவதானால், இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விடக் கூடாது. 2003-இல் குளோஸ்டரைக் கவிழ்த்தது அந்த மூன்று வாரம்தான் என்பது என் கருத்து.